கடல் தாண்டிய சுருதி: 78ஆவது ஃப்ரேசர் ஹைலேண்டர்ஸ் பைப் பேண்ட், ஆகஸ்ட் 1987

1981 முதல் 1991 வரையிலான 11 ஆண்டுகளில், பேக்பைப்பும் முரசும் சேர்ந்த குழுக்கள் மோதும் உலக பைப் பேண்ட் சாம்பியன்ஷிப்பின் முதல்நிலைப் பட்டத்தை 10 முறை ஒரே பேண்ட் வென்றது. கிளாஸ்கோ வட்டாரத்தின் காவல்துறை பேண்டான ஸ்ட்ராத்கிளைட் போலீஸ் அது. தொடர்ந்து ஆறு முறை, பிறகு தொடர்ந்து நான்கு முறை. இடையே விடுபட்டது 1987 மட்டும்தான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் போட்டி நடந்த அந்த ஆகஸ்டில் பட்டம் அட்லாண்டிக்கைத் தாண்டி கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போனது. கொண்டுபோனவர்கள் 78ஆவது ஃப்ரேசர் ஹைலேண்டர்ஸ். பெருங்கடல் கடந்து வந்த ஒரு பேண்டுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

அந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இசையைத்தான் பேசுகிறார்கள். பேச வேண்டிய இசைதான். நான் இங்கே பார்க்க விரும்புவது வேறொன்று. தோல், மரம், நாணல் மூன்றும் சேர்ந்த ஒரு கருவியை 5,000 கிலோமீட்டருக்கு மேல் சுமந்துபோய், பழகாத காற்றில் வாசித்து, உள்ளூர்க்காரரை அவர் வாசலிலேயே வெல்வது எப்படி நடந்தது? பைப் பேண்டின் பயண வாழ்க்கை எதனால் ஆனது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

பேண்ட்

பெயர் பழையது. 1757இல் சைமன் ஃப்ரேசர் ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஆள் திரட்டிய படைப்பிரிவு அது. 1759இல் கியூபெக் போரில் நின்றது, 1763இல் கலைக்கப்பட்டது. ஒன்டாரியோ பேண்ட் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டதே தவிர, அதில் இருந்தவர்கள் படைவீரர்கள் அல்லர். வெளியே வேலை பார்த்துக்கொண்டு, மாலையிலும் வார இறுதியிலும் வந்து வாசித்தவர்கள். பைப் மேஜர், அதாவது பேண்டை நடத்தும் தலைமைப் பைப்பர், பில் லிவிங்ஸ்டன் தொழிலால் வழக்கறிஞர். தனி வாசிப்பில், பைப்பின் பேரிசை என்று மதிக்கப்படும் பிப்ராக் வகைக்கு ஸ்காட்லாந்தின் ஓபன், இன்வர்னெஸ் என்ற ஊர்களில் தரப்படும் தங்கப் பதக்கங்கள் இரண்டையும் பெற்றவர். ஸ்காட்லாந்தில் பிறக்காத ஒருவருக்கு இவை எளிதில் கிடைப்பவை அல்ல. தீர்ப்பு சொல்பவர்களின் காது எதைத் தேடும் என்று அறிந்தவர் அவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிரே இருந்த ஸ்ட்ராத்கிளைட் போலீஸுக்கு பைப் மேஜர் இயன் மெக்லெல்லன். ஒழுங்குக்கும் சுருதிச் சுத்தத்துக்கும் அந்த பேண்ட் உலகத்துக்கே அளவுகோல். அவர்களுக்கு இருந்த இன்னொரு வசதியைப் பற்றிப் பேச்சு குறைவு. அவர்கள் கருவி பழகிய காற்றும் போட்டி நடந்த காற்றும் ஒன்றே.

கருவியும் காற்றும்

தமிழ் வாசகருக்கு இதை விளக்க நாகஸ்வரம் போதும். வித்வான் வாசிப்புக்கு முன் சீவாளியை வாயில் ஊறவைத்துப் பதம் பார்ப்பார். சரியில்லை என்றால் கருவியில் தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகுவார். பக்கத்தில் ஒருவர் ஒத்து பிடித்துக்கொண்டிருப்பார். பேக்பைப்பில் அந்த ஒத்துக்காரரும் வாசிப்பவரே. அவர் தோளில் சாய்ந்திருக்கும் மூன்று ட்ரோன் குழல்களும் ஒத்து ஊதுகின்றன, இரண்டு டெனர், ஒன்று பேஸ். விரல் ஓடும் குழலுக்கு சான்டர் என்று பெயர். அதில் ஒன்பது ஸ்வரம் மட்டுமே. ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு ரீட், அதாவது சீவாளி. ஆக, ஒருவருக்கு நான்கு.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நாகஸ்வரக்காரர் உதட்டாலும் மூச்சாலும் சீவாளியை அடக்கி ஸ்வரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். பைப்பரின் உதடு ரீடைத் தொடுவதே இல்லை. பைக்குள் காற்று போகிறது, பை குழல்களுக்குக் கொடுக்கிறது. வாசிக்கத் தொடங்கிய பிறகு சுருதி நழுவினால் உதட்டால் திருத்த வழியில்லை. எல்லாத் திருத்தமும் முன்கூட்டியே நடந்தாக வேண்டும்: ட்ரோன் குழலின் நீளத்தை ஏற்றி இறக்குவது, சான்டரின் துளைமேல் துண்டு டேப் ஒட்டி ஸ்வரத்தைச் சற்றுத் தாழ்த்துவது, ரீடை ஒரு மயிரிழை உள்ளே தள்ளுவது. இருபது பைப்பர் நின்றால் அறுபது ட்ரோன், இருபது சான்டர், எண்பது ரீட். அத்தனையும் ஒரே கருவி போல ஒலிக்க வேண்டும்.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஊதுகருவியின் சுருதி சுமார் மூன்று சென்ட் ஏறும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். பத்து டிகிரி வித்தியாசம் என்றால் அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். எல்லாமே சமமாக நகர்ந்தால் பாதகமில்லை. குட்டையான சான்டரும் நீண்ட பேஸ் ட்ரோனும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை. ஈரம் குடித்த ரீடும் காய்ந்த ரீடும் ஒரே பேச்சுப் பேசுவதில்லை.

ஒன்டாரியோ பேண்டுகளின் கோடைக்கால உச்சம், ஜூலை முடிந்து ஆகஸ்ட் தொடங்கும் சமயத்தில் மேக்ஸ்வில் என்ற சிற்றூரில் நடக்கும் கிளெங்கேரி ஹைலேண்ட் விளையாட்டு விழா. 1948 முதல் நடக்கிறது, வட அமெரிக்க பைப் பேண்ட் போட்டியும் அங்கேதான். அந்த நாட்களில் வெயில் 30 டிகிரியைத் தொடும். அங்கே பதமாக வைத்த கருவியோடு இரண்டு வாரத்தில் கிளாஸ்கோவில் நிற்க வேண்டும். கிளாஸ்கோவில் ஆகஸ்ட் பகல் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே. மழைத் தூறல் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

வழியில்

இந்தப் பயணம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பது எல்லா வெளிநாட்டு பேண்டுகளுக்கும் பொதுவானது. பைப் கைப்பையோடு விமானத்துக்குள் வரும். அதைச் சரக்கறைக்கு அனுப்ப எந்தப் பைப்பருக்கும் மனம் வராது. பேஸ், டெனர், ஸ்நேர் என்ற முரசுகள் எல்லாம் கெட்டிப் பெட்டிகளில் கீழே போகும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பாலைவனத்தைவிடக் குறைவாக இருப்பது சகஜம். அந்த வறட்சியில் மரம் சுருங்கும். குழல் இணைப்புகளில் சுற்றியிருக்கும் மெழுகிட்ட சணல் நூல் தளரும். இறங்கிய ஊரின் ஈரத்தில் அதே மரம் உப்பும், இணைப்பு இறுகும். நேற்று கழன்று விழுந்த குழல் இன்று திருகினாலும் அசையாது. ஆகவே போய்ச் சேர்ந்ததும் முதலில் கையில் எடுப்பது நூல்கண்டு.

1987இல் பைகள் பெரும்பாலும் ஆட்டுத்தோல். செயற்கைத் துணிப் பைகள் பரவலானது அதற்குப் பிறகுதான். தோல்பை ஒருவகையில் உயிருள்ளது. மூச்சின் ஈரத்தைக் குடித்து ரீடுகளைக் காப்பாற்றும். காற்று கசியாமலும் தோல் காயாமலும் இருக்க அதற்குள் பதக்குழம்பு ஊற்றிப் பிசைந்து வைக்க வேண்டும். பயணத்தில் நாலு நாள் ஊதாமல் போட்டால் முறைத்துக்கொள்ளும். வயலின்காரர் நாலு நாள் ஓய்வு எடுக்கலாம். பைப்பர் எடுத்தால் கருவி அவரை விட்டுப் போய்விடும்.

இந்தக் காரணத்தால் பைப் பேண்டின் பயணத்தில் சத்தமில்லாத நேரம் கிடையாது. பஸ்ஸில் பைப் ஊத முடியாது. எனவே பயிற்சி சான்டர் என்ற சின்னக் குழல் கையில் இருக்கும். பை இல்லாதது, குரல் மெலிந்தது, நேராக வாயில் வைத்து ஊதுவது. ஸ்நேர் வாசிப்பவர்கள் ரப்பர் தட்டை மடியில் வைத்துத் தட்டுவார்கள். தட்டு இல்லாதவருக்கு முன் சீட்டின் முதுகு இருக்கிறது. தங்குமிடம் பெரும்பாலும் கோடை விடுமுறையில் காலியாகும் பல்கலைக்கழக விடுதி. காரணம் வாடகை மட்டுமல்ல, அங்கே புல்வெளி இருக்கும். வட்டமாக நின்று இரண்டு மணி நேரம் ஊதினாலும் போலீஸைக் கூப்பிட யாரும் இல்லாத இடம் பைப் பேண்டுக்கு நல்ல படுக்கையைவிட முக்கியம்.

உடையும் ஒரு சுமை. எட்டு கஜம் கம்பளித் துணியில் மடிப்பு வைத்துத் தைத்த கில்ட் ஆளுக்கு ஒன்று. மழையில் நனைந்தால் கனம் கூடும், சீக்கிரம் காயாது. விடுதி அறைகளில் அது தொங்கும்போது ஆட்டு வாடை வீசும். பணத்தைப் பொறுத்தவரை நீட்ட எதுவும் இல்லை: பரிசுத்தொகை பயணச் செலவை ஈடுகட்டாது, நன்கொடையும் சொந்தக் கைக்காசும் சம்பளமில்லா விடுப்பும்தான் ஈடுகட்டும்.

இத்தனைக்கும் மேல் உடம்புக்குள் ஓடும் கடிகாரம். ஒன்டாரியோவுக்கும் ஸ்காட்லாந்துக்கும் கோடையில் ஐந்து மணி நேர வித்தியாசம். காலை ஒன்பதுக்கு ஸ்நேர் வாசிப்பவரின் மணிக்கட்டு இன்னும் விடியற்காலை நாலு மணியில் இருக்கும்.

பாலிமீனா

ஃப்ரேசர்கள் இந்தப் பயணத்தை அமைத்த விதத்தில்தான் இந்த நிகழ்வின் மையம் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாட்களில் அவர்கள் ஒதுங்கி உட்கார்ந்து கருவிகளைக் காப்பாற்றவில்லை. வட அயர்லாந்தின் பாலிமீனா நகரில் முழு நீளக் கச்சேரி ஒன்று வைத்தார்கள். அந்தக் காலத்தில் வட அயர்லாந்து போவது வேடிக்கையான காரியமல்ல. தெருக்களில் ராணுவ ரோந்து இருந்த வருடங்கள் அவை. ஆனால் பாலிமீனா இருக்கும் ஆன்ட்ரிம் மாவட்டம் ஊருக்கு ஊர் பேண்ட் வைத்திருக்கும் மண். முரசுச் சத்தத்தோடு வளர்ந்த காதுகள். அங்கே அரங்கில் உட்காரும் கூட்டத்தில் பாதிப்பேருக்கு ரீட் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கச்சேரி ஒலிப்பதிவாகி, ‘லைவ் இன் அயர்லாந்து’ என்ற பெயரில் வெளிவந்தது. பைப் பேண்ட் உலகத்தில் அதைக் கேட்காதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. அதில் டான் தாம்ப்சன் எழுதிய ‘ஜர்னி டு ஸ்கை’ என்ற தொடர் உருப்படி இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் அது போட்டி மேடைக்கு ஏற்றதல்ல. கால அளவு பொருந்தாது, அமைப்பும் பொருந்தாது. பைப்பர்கள் ஒரே ராக வரியை ஒன்றாக ஊதுவதே வழக்கமாயிருந்த காலத்தில், அதில் வரிகள் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. தாளம் நின்று, மறுபடி புறப்படுகிறது. முரசுகள் பைப்புக்குப் பின்னால் ஓடாமல் பக்கத்தில் நடக்கின்றன. போட்டியில் ஒரு மதிப்பெண்கூடத் தராத ஒன்றை, போட்டிக்குச் சில நாட்களே இருக்கும்போது ஏன் வாசிக்க வேண்டும்?

இங்கே என் கணிப்பைச் சொல்கிறேன். இது கணிப்புதான், பேண்டின் வாக்குமூலம் அல்ல. முதலாவது, போட்டி வாசிப்பு சில நிமிடங்களே. கச்சேரியோ ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அவ்வளவு நேரம் ஊதும்போது எந்த ரீட் ஈரத்தில் சோர்கிறது, எந்த ட்ரோன் நழுவுகிறது, எவர் மூச்சு இறங்குகிறது என்று எல்லாம் வெளிப்பட்டுவிடும். அதுவும் கிளாஸ்கோவின் காற்றுக்கு நெருங்கிய காற்றில். ஒன்டாரியோவில் பதம் பிடித்த சுருதியை வைத்துக்கொண்டு கிளாஸ்கோ போவதும், ஆன்ட்ரிமில் ஒருமுறை உடைத்துத் திரும்பக் கட்டிய சுருதியோடு போவதும் ஒன்றல்ல. இரண்டாவது, வந்த வேலை போட்டி என்றாலும் மக்கள் முன் வாசித்துக் கைதட்டு வாங்கியபின் நிற்கும் நிற்பு வேறு. விடுதிப் புல்வெளியில் எத்தனை மணி நேரம் நின்றாலும் அது வராது.

இதற்கு எதிராகவும் சொல்ல முடியும். கச்சேரியில் ரீடுகள் களைத்துப் போயிருக்கலாம். முரசுக் கைகள் தளர்ந்திருக்கலாம். அதே திட்டம் வேறொரு பேண்டைக் கவிழ்த்திருக்கும். ஆயினும் பயணத்தை ஒரு தடையாக எண்ணிப் பதுங்கிக் கடக்காமல், அதையே கடைசிப் பயிற்சியாக்கியது துணிச்சலான தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாலிமீனாவிலிருந்து கிளாஸ்கோவுக்கு நடுவே கடல் இருக்கிறது. அந்நாளில் வட அயர்லாந்து பேண்டுகள் போகும் வழக்கமான வழி, லார்ன் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறி ஸ்ட்ரான்ரேரில் இறங்கி, கடலோரச் சாலையில் சுமார் 140 கிலோமீட்டர் பஸ்ஸில் போவது. பெரும் போட்டிகளில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில் என்பதால் அந்த பேண்டுகள் ஒவ்வொரு கோடையிலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்தன. 1992இல் முதல்முறை உலகப் பட்டம் வென்று, பிறகு பல முறை வென்ற ஃபீல்ட் மார்ஷல் மான்ட்கோமரி பேண்ட் அப்படிக் கடல் கடந்தே வளர்ந்தது. அலைக்குத் தலைசுற்றி இறங்கி, அதே நாளில் சுருதி சேர்த்து வாசித்த தலைமுறைகள் அங்கே உண்டு.

வட்டம்

போட்டி மைதானத்தில் நடப்பதைப் பார்க்காதவருக்கு இது விந்தையாகத் தோன்றும். வாசிப்பு சில நிமிடம், அதற்கு முன் சுருதி சேர்ப்பது இரண்டு மணி நேரத்துக்கு மேல். மைதானத்தின் ஓரத்தில் ஒவ்வொரு பேண்டும் தன் இடம் பிடித்து வட்டம் போடும். பைப் மேஜர் ஒவ்வொரு தோளாகப் போய்க் காதைக் கொடுத்து ட்ரோனைத் திருகுவார். வெயில் மேகத்துக்குள் போனால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பெயர் கூப்பிட்டதும் கோட்டில் அணிவகுத்து நிற்பார்கள். பைப் மேஜரின் குரல், முரசில் மூன்று அடிக்கான உருட்டு இரண்டு முறை. முதல் உருட்டில் கால் நகரும். ட்ரோன்கள் எழுந்து, சான்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் பேச வேண்டும். ஒருவர் அரை நொடி முந்தினாலும் மைதானமே கேட்கும். நடந்து வந்து உள்நோக்கி வட்டமாக நிற்பார்கள், பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி. நடுவர்கள் வட்டத்துக்கு வெளியே சுற்றி நடந்துகொண்டே எழுதுவார்கள். இன்றைய முறையில் பைப்புக்கு இருவர், முரசுக்கு ஒருவர், மொத்த ஒலிக்கு ஒருவர்.

அந்த நால்வருக்கும் பயணம் தெரியாது. ரீட் விமானத்தில் காய்ந்ததும் கில்ட் விடுதியில் காயாததும் அவர்கள் தாளில் வராது. 1987இல் வட்டத்துக்குள் கேட்டது மட்டும் வந்தது. கூட்டிப் பார்த்தபோது ஃப்ரேசர்கள் முதலில் இருந்தார்கள்.

பிறகு

அந்தக் கதவு திறந்த பிறகு வேறு சிலரும் நுழைந்தார்கள். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து, எட்டு மணி நேர வித்தியாசத்தைக் கடந்து வந்த சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக பேண்ட், 1995, 1996, 1999, 2001, 2008, 2009 என்று ஆறு முறை. 1998இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா போலீஸ், மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய பாதி உலகத்தைச் சுற்றி வந்து ஒரு முறை. 1987ஐயும் சேர்த்தால் பெருங்கடல் கடந்த பட்டங்கள் எட்டு. 2009க்குப் பின் பத்தாண்டுக்கும் மேலாக அந்தக் கணக்கு ஏறவில்லை. பேண்டுகள் பெருத்துவிட்டன. இருபதுக்கு மேற்பட்ட பைப்பர்களையும் முரசுக்காரர்களையும் கடல் தாண்டிக் கொண்டுவரும் செலவு இதில் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

வழியும் வேறுவகையில் கடினமாகியிருக்கிறது. பழைய பைப்புகளின் குழல் நுனிகளில் யானைத் தந்தம் இருக்கும். குழல்களின் மரமோ தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் வளரும் ஆப்பிரிக்கக் கருமரம். 2014 கோடையில், கனடாவில் வாசித்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிய இரண்டு இளம் பைப்பர்களின் தந்தம் பதித்த பைப்புகள் எல்லையில் பறிமுதல் ஆயின. அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. அந்தச் சாவடி அத்தகைய பொருளுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல என்பதே காரணம். ஸ்காட்லாந்துக்குப் புறப்படும் தறுவாயில் இது நடந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் பைப்புகள் திரும்பக் கிடைத்தன. 2017 ஜனவரியில் அந்தக் கருமர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில்தான் விலக்கு கிடைத்தது. யானையையும் காட்டையும் காக்க வந்த சட்டம் தேவையான சட்டம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தாத்தா வாசித்த பைப்பை எல்லையில் ஒரு மேசைமேல் விட்டுவிட்டு நிற்கும் பிள்ளையின் நிலையும் கொடியதுதான். இன்று பல பைப்பர்கள் வீட்டில் பழைய பைப்பை வைத்துவிட்டு, செயற்கை நுனி போட்ட புதிய பைப்போடு விமானம் ஏறுகிறார்கள். ஒலியில் ஏதோ குறைகிறது என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறார்கள்.

வந்து சேரும் பேண்டுகள் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுகின்றன. முந்தைய சனிக்கிழமை நார்த் பெர்விக் போன்ற சிறிய விழாக்களில் வாசித்து, கருவியை உள்ளூர்க் காற்றுக்குப் பழக்குகின்றன. போட்டி வாரத்தில் கிளாஸ்கோவில் கச்சேரி கொடுப்பதும் ஒரு மரபாகிவிட்டது. பாலிமீனாவில் ஃப்ரேசர்கள் எடுத்த முடிவு இப்போது யாருக்கும் வியப்பாகத் தெரிவதில்லை.

2016 ஆகஸ்டில், அதே போட்டி வாரத்தில், 1987இல் வாசித்தவர்கள் கிளாஸ்கோவில் மீண்டும் கூடி அந்தக் கச்சேரியின் உருப்படிகளை வாசித்தார்கள். 29 ஆண்டுகள் கழித்தும் வேலை அதேதான்: கடல் தாண்டி வந்த பைப்பை வெளியே எடுப்பது, நூல் சுற்றுவது, ரீடை ஊறவைப்பது, ட்ரோனைத் திருகுவது. இம்முறை சுற்றி நடந்து எழுத நடுவர்கள் இல்லை.